அஸ்திக் கலசத்தில் இருந்த ஊர்ப்பெயர்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ ரோட்டோரம் ஒரு பிணம் கிடந்தால், 'யார் கொன்றது' என்பதற்கு முன்னால் 'எந்த ஸ்டேஷன்' என்ற கேள்விதான் வரும். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம். குற்றம் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாவிட்டால் இரண்டில் எந்தக் கோர்ட்டிலும் விசாரிக்கலாம். ஆனால் கொலை நடந்தபோது ஒரே நாடாக இருந்த இடம், துப்பறிய ஆள் போவதற்குள் நாலைந்து நாட்டு அதிகாரத்தின் கீழ் போய்விட்டால் என்ன செய்வது? இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியில் நடந்த சாகன் கொலை வழக்கு அப்படிப்பட்டது. செத்தவர்கள் 50 பேரும் விமானப்படை அதிகாரிகள். கொல்லச் சொன்னவர்கள் ஜெர்மனியின் உச்சியில் இருந்தவர்கள். அந்த வழக்கை ஆரம்பத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பதிவு.

போர்க்கைதிகள் தப்பிப்போன சுரங்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்பது, பிடிபட்ட நேச நாட்டு விமானிகளுக்காக ஜெர்மன் விமானப்படை சாகன் ஊரில் நடத்திய முகாம். அந்த ஊர் இன்று போலந்தில் ஷாகன் என்ற பெயரில் இருக்கிறது. 104ஆம் எண் குடிலில் அடுப்புக்கு அடியில் தோண்டத் தொடங்கிய சுரங்கத்தின் நீளம் 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆழம் எட்டரை மீட்டர். 1944 மார்ச் 24 இரவு தொடங்கி விடிவதற்குள் 76 பேர் வெளியேறினார்கள். 77ஆவது ஆள் தலை நீட்டியபோது காவலாளி பார்த்துவிட்டான். மூன்று பேர் தப்பியே போனார்கள். மீதி 73 பேரும் சில நாட்களில் பிடிபட்டார்கள்.

கொலை வழக்கு தொடங்குவது ஏப்ரல் 6ஆம் தேதி. முகாமில் இருந்த கைதிகளில் மூத்த பிரிட்டிஷ் அதிகாரியான குரூப் கேப்டன் மாஸியை ஜெர்மன் முகாம் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். பிடிபட்டவர்களில் 41 பேர் மறுபடி தப்ப முயன்றபோது சுடப்பட்டார்கள் என்று சொன்னார். காயம்பட்டவர்கள் எத்தனை பேர் என்று மாஸி கேட்டார். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. சில நாட்களில் எண்ணிக்கை 50 ஆனது.

இந்த வழக்கில் கிடைத்த முதல் சாட்சியம் மாஸியின் அந்தக் கேள்விதான். ஓடுகிறவனைச் சுட்டால் ஒருவனுக்குக் காலில் படும், ஒருவனுக்குத் தோளில் படும், ஒருவன் மேல் படாமலே போகும். போரில் சாகிறவர்களைவிடக் காயம்படுகிறவர்கள்தான் அதிகம். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு ஆட்கள் சுட்டும் 50க்கு 50 செத்திருக்கிறார்கள் என்றால் யாரும் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். மாஸி உடல்நலக் காரணத்தால் சுவிட்சர்லாந்து வழியாக நாடு திரும்பினார், விவரமும் அவரோடு போய்ச் சேர்ந்தது. கொன்றவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டிப்போம் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன் 1944 ஜூன் 23 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

கைதி தப்பினால் என்ன தண்டனை? 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி அது ஒழுங்கு மீறல் மட்டும். அதிகபட்சம் 30 நாள் சிறைக்காவல். ஜெர்மனியும் அதில் கையெழுத்திட்ட நாடுதான். அதனால் சுட்டது போர்ச்செயல் ஆகாது, கொலை.

உத்தரவு வந்த வழி இது. ஹிட்லர் முதலில் எல்லாரையும் சுடச் சொன்னான். பேச்சுக்குப் பிறகு அது 'பாதிக்கு மேல்' என்று இறங்கியது, எஸ்.எஸ். படைக்கும் போலீசுக்கும் தலைவனான ஹிம்லர் அதை 50 என்று முடிவுசெய்தான். ஹிம்லருக்குக் கீழே பாதுகாப்புத் தலைமை அலுவலகத்தை நடத்திய கால்டன்புருன்னர் பெயரில் டெலிபிரிண்டரில் உத்தரவு போனது. பிடிபட்டவர்கள் கிரிப்போ என்ற குற்றப்பிரிவுப் போலீஸின் காவலில் இருப்பார்கள். கெஸ்டபோ, அதாவது ரகசியப் போலீஸ், அவர்களை வாங்கிக்கொண்டு காரில் கூட்டிப்போக வேண்டும். வழியில் முடித்துவிட்டு, தப்ப முயன்றபோது சுட்டோம் என்று எழுத வேண்டும். எந்த 50 பேர் என்று தேர்ந்தெடுத்தவன் கிரிப்போவின் தலைவன் ஆர்தர் நேபே, ஜெனரல் அந்தஸ்தில் இருந்த போலீஸ் அதிகாரி. கைதிகளின் அட்டைகளை மேஜையில் வைத்து, வயதையும் மனைவி குழந்தை உண்டா என்பதையும் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரித்தான் என்று அவனுக்குக் கீழே வேலை செய்தவர் பின்னால் சாட்சி சொன்னார். அதைப் படிக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது. எந்த அடுக்கில் விழுகிறோம் என்பது அந்த இளைஞர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆதாரத்தை அழிப்பதற்காகச் செய்த ஏற்பாட்டிலேயே ஆதாரம் உருவானது. முகாமில் இறந்த கைதிகளை முறைப்படி புதைப்பதுதான் வழக்கம். இந்த 50 பேரை மட்டும் எரித்தார்கள், காரணம் தோட்டா. துப்பாக்கி ஒரு முழத்துக்குள் இருந்து சுட்டால் காயத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். எரியாத மருந்துத் துகள்கள் தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். உடம்பில் அழுத்தி வைத்துச் சுட்டிருந்தால் தோல் கிழிந்திருக்கும். 20 அடி தள்ளி ஓடுகிறவன் உடம்பில் இது எதுவும் இருக்காது. தோட்டா முதுகில் பாய்ந்தது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஓடுகிறவனுக்கும் முதுகில்தான் படும், நிற்க வைத்துப் பின்னாலிருந்து சுட்டாலும் முதுகில்தான் படும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது தூரம். தூரத்தைச் சொல்வது தோல். அந்தத் தோலைத்தான் எரித்தார்கள்.

ஆனால் எரித்த பிறகு சாம்பலைக் கலசத்தில் போட்டு சாகனுக்கே அனுப்பினார்கள், பெயரும் எரித்த ஊரும் குறித்து. கெர்லிட்ஸ், பிரெஸ்லாவ், லிக்னிட்ஸ், புரூக்ஸ், மியூனிக், கீல் என்று ஊர்கள். எவ்வளவு பெரிய கொலையாக இருந்தாலும் ஆபீஸ் பழக்கம் விடாது. தகனக்கூடத்துக் குமாஸ்தா எப்போதும் போலப் பதிவேட்டில் எழுதினான், கலசத்துக்கும் எப்போதும் போல விவரம் போட்டான். முகாமில் மிஞ்சியிருந்த கைதிகள் அந்த ஊர்ப்பெயர்களை எழுதி வைத்துக்கொண்டார்கள். நினைவு மண்டபம் ஒன்றையும் அவர்களே கட்டினார்கள். கலசங்கள் பின்னால் போஸ்னான் ராணுவக் கல்லறைக்குப் போய்விட்டன.

துப்பறிதல் தொடங்கியது 1945 செப்டம்பரில், கொலை நடந்து 17 மாதம் கழித்து. பிரிட்டிஷ் விமானப்படையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்கு அந்த வேலை வந்தது. விங் கமாண்டர் போவ்ஸ் தலைமை, ஊர் ஊராகச் சுற்றியவர் ஸ்குவாட்ரன் லீடர் மெக்கென்னா. மெக்கென்னா போருக்கு முன்னால் பிளாக்பூல் ஊரில் போலீஸ்காரராக இருந்தவர். இந்த வழக்குக்கு அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இது ஒரு சாதாரண ஸ்டேஷன் போலீஸ்காரனின் புத்தியால் அவிழ்ந்த வழக்கு.

கையில் இருந்தது கலசத்து ஊர்ப்பெயர், உயிர் பிழைத்த 23 பேரின் வாக்குமூலம், மாஸியின் அறிக்கை. பிழைத்தவர்கள் தந்த விவரம் விலைமதிப்பில்லாதது. கெர்லிட்ஸ் சிறையில் பக்கத்து அறையில் யார் இருந்தார்கள், எந்தக் காலையில் யார் பெயரைக் கூப்பிட்டுக் கூட்டிப்போனார்கள் என்று நாள்வாரியாகச் சொன்னார்கள். ஆளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எப்போது என்பது எந்தக் கொலை வழக்கிலும் முதல் ஆணி. அது இங்கே நிலையாக இருந்தது. தகன ஊரிலிருந்து எந்தக் கெஸ்டபோ அலுவலகம் என்பது கிடைத்தது. அலுவலகத்திலிருந்து ஆட்களின் பட்டியல். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நேச நாடுகளின் முகாம்களில் அடைபட்டிருந்த ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்களுக்குள் தேட வேண்டும், பெயர் மாற்றியிருப்பார்கள், பொய் விடுதலைச் சீட்டு வைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து.

அந்தப் பட்டியலில் யாரை முதலில் தேடுவது என்பதில்தான் இந்த வழக்கின் பாடம் இருக்கிறது. தலைவனைத் தேடினால் அவன் வாய் திறக்க மாட்டான், செத்திருப்பான், அல்லது செத்தவன் மேல் பழி போடுவான். டிரைவரைத் தேட வேண்டும். வாளையாறு வழியாக லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சரக்கு முதலாளிக்கு என்ன தெரியும் என்பது சந்தேகம், டிரைவருக்கு எல்லாம் தெரியும். எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த செக்போஸ்ட், எங்கே டீ, எங்கே நிறுத்தச் சொன்னார்கள், யார் இறங்கினார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று. கொலைக்குப் போன காரிலும் டிரைவர் ஒருவன் கட்டாயம் இருந்திருப்பான். சுட்டவன் தான் அல்ல என்பதால் அவன் பேசுவதற்கும் வழி உண்டு.

கீல் கொலையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அங்கே கொல்லப்பட்டவர்கள் நாலு பேர். கட்டனாக் ஆஸ்திரேலியர், கிறிஸ்டென்சன் நியூசிலாந்துக்காரர், எஸ்பெலிட், ஃபுக்லசாங் இருவரும் நார்வேக்காரர்கள். டென்மார்க் எல்லைக்கு வெகு பக்கத்தில் ஃப்ளென்ஸ்பர்க் ஊரில் பிடிபட்டார்கள். எல்லைக்கு இத்தனை பக்கத்தில் வந்து மாட்டுவதன் வேதனை நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். மார்ச் 29 அன்று கீல் கெஸ்டபோ தலைவன் ஃபிரிட்ஸ் ஷ்மிட் தன் ஆட்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வெளியே மூச்சு விடக்கூடாது என்று கட்டளையிட்டான். இரண்டு கார் கிளம்பியது. ஒன்றில் கட்டனாக், கூடவே யோஹன்னஸ் போஸ்ட். இன்னொன்றில் மற்ற மூவர். கீலுக்குத் தெற்கே ஒரு புல்வெளி ஓரம் முதல் கார் நின்றது. கட்டனாக்கைப் புல்வெளிக்குள் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். பின்னால் வந்த காரிலிருந்து இறக்கிய மூவரையும் அதே இடத்தில் முடித்தார்கள். உடல்கள் கீல் தகனக்கூடத்துக்குப் போயின.

இரண்டு காருக்கும் இரண்டு டிரைவர், டென்க்மான், ஸ்ட்ரூவே. இப்படி இரண்டு பேர் கிடைத்தால் அவர்களை ஒன்றாக உட்காரவைக்கவே கூடாது. தனித்தனியாக, சுட்டதைப் பற்றியே கேட்காமல், காரைப் பற்றிக் கேட்க வேண்டும். எந்த ஷெட்டிலிருந்து எடுத்தது, பெட்ரோலுக்கு யார் கையெழுத்து, முன் சீட்டில் யார், பின் சீட்டில் யார், கைவிலங்கு இருந்ததா, நின்றபோது எஞ்சினை அணைக்கச் சொன்னார்களா, கதவை எந்தப் பக்கம் திறந்தார்கள், திரும்பி வரும்போது காரில் எத்தனை பேர். பொய்யை ஒத்திகை பார்க்கிறவர்கள் சுட்ட நிமிஷத்தைத்தான் ஒத்திகை பார்ப்பார்கள், முன் சீட்டையும் பின் சீட்டையும் யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. பிறகு தகனக்கூட ஆட்களையும் பிணவண்டிக்காரரையும் கேட்டு நேரத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். போஸ்ட் வேறு பெயரில் லாரித் தொழில் நடத்திக்கொண்டிருந்தான், அவனையும் பிடித்தார்கள்.

கைவிலங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தப்பித்தலை முன்னின்று நடத்திய ரோஜர் புஷெலையும் பிரெஞ்சு அதிகாரி ஷைத்தவரையும் ஸார்புருக்கன் கெஸ்டபோ காரில் ஏற்றிக்கொண்டு போனது. நெடுஞ்சாலையில் ஒன்றுக்குப் போக நிறுத்தி, விலங்கைக் கழற்றி, பின்னாலிருந்து சுட்டார்கள். சுட்டவர்கள் அந்த ஊர்க் கெஸ்டபோ தலைவன் ஷ்பானும் எமில் ஷுல்ட்ஸும், கார் ஓட்டியவன் பிரைத்ஹவுப்ட். ஒன்றுக்குப் போக நிறுத்தினோம், ஓடினார்கள், சுட்டோம் என்ற அதே கதையை ஊர் ஊராக எழுதி அனுப்பியிருந்தார்கள். ஏற்கெனவே 100 மீட்டர் சுரங்கம் தோண்டித் தப்பிய ஆளின் விலங்கை, திறந்த வெளியில் எந்தப் போலீஸ்காரன் கழற்றுவான்? கழற்றவில்லை என்றால் ஓடினான் என்பது பொய். கழற்றினோம் என்றால் ஏன் என்பதற்குப் பதில் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அறிக்கை விழுந்துவிடும்.

வழக்கில் பலவீனமான இடமும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. குற்றவாளிகளில் பலரை லண்டனில் ஒரு விசாரணை மையத்தில் வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். அடித்து வாங்கினார்கள், தூங்கவிடவில்லை என்று விசாரணையில் சிலர் சொன்னார்கள். நம் சட்டத்தில் போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமே ஆகாது, மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்தால்தான் உண்டு. போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்தும் வாங்கக்கூடாது. சாகன் வழக்கை ஹாம்பர்க்கில் விசாரித்த பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் 1945 ஜூனில் வந்த அரச ஆணையின்படி நடந்தது, அதில் சாட்சிய விதிகள் வெகுவாகத் தளர்த்தப்பட்டிருந்தன. நேரில் வராதவரின் எழுத்து வாக்குமூலத்தையும் ஏற்கலாம். அப்படித் தளர்த்தாவிட்டால் சிதறிக் கிடந்த சாட்சிகளை வைத்து வழக்கையே நடத்தியிருக்க முடியாது. ஆனாலும் நம்முடைய விதிதான் சரி. டிரைவரும் தகனக்கூடமும் சிறைப் பதிவும் ஒத்துப்போன இடங்களில் வழக்கு உறுதியாக நின்றது, ஒப்புதலை மட்டும் நம்பிய இடங்களில்தான் கேள்வி மிஞ்சியது.

மொழியும் ஒரு சிக்கல். ஜெர்மனில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலத்தில் எழுதினார்கள். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழில் சொல்வதை மலையாளத்தில் எழுதும்போது என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். 'தள்ளினான்' என்று சாட்சி சொல்வதை 'தல்லி' என்று எழுதினால் தள்ளியது அடித்ததாகிவிடும், ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'ஓடினான்' என்பதும் 'ஓடப் பார்த்தான்' என்பதும் சாகன் வழக்கில் தூக்குக்கும் விடுதலைக்கும் உள்ள தூரம். சொன்னவரின் மொழியிலேயே ஒரு பிரதி எழுதி, படித்துக் காட்டி, அதோடு மொழிபெயர்ப்பை இணைப்பதுதான் முறை.

எல்லை இந்த வழக்கை வெட்டிய இடம் பிரெஸ்லாவ். கெர்லிட்ஸ் சிறையிலிருந்து கூட்டிப்போன பெரிய கூட்டத்தைக் கொன்றது பிரெஸ்லாவ் கெஸ்டபோ, தலைவன் ஷார்ப்விங்கெல். 1945 முற்றுகையில் பிரெஸ்லாவ் நகரமே நாசமாகி, பிறகு போலந்துக்குப் போய்விட்டது. ஷார்ப்விங்கெல் வேறு பெயரில் ஒளிந்திருந்து சோவியத் கையில் சிக்கினான். 1946இல் மாஸ்கோவில் அவனை விசாரிக்க பிரிட்டிஷ் அதிகாரி ஒருவருக்கு அனுமதி கிடைத்தது. வாக்குமூலம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு சோவியத் காவலிலேயே செத்துப்போனான். அதிகம் பேரைக் கொன்ற அலுவலகத்தின் தலைவன் இப்படி கூண்டு ஏறாமலே போனான்.

மேலே இருந்தவர்கள்? ஹிட்லரும் ஹிம்லரும் தற்கொலை. கெஸ்டபோவின் மொத்தத் தலைவன் முல்லர் 1945 மே மாதத்துக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அட்டைகளைப் பிரித்த நேபே, ஹிட்லருக்கு எதிரான ஜூலை சதியில் சேர்ந்தான் என்று நாஜிகளே 1945 மார்ச்சில் கொன்றுவிட்டார்கள். நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் விசாரணையில் சாகன் கொலையும் வந்தது. கைதிகள் துறையிலிருந்த ஜெனரல் வெஸ்ட்ஹோஃப், ஜெர்மன் ஆயுதப்படைத் தலைமையகத்தின் தலைவன் கைட்டல் தங்களைக் கூப்பிட்டு என்ன சொன்னான் என்பதைச் சாட்சியாகச் சொன்னார். கைட்டலும் கால்டன்புருன்னரும் 1946 அக்டோபர் 16 அன்று வேறு பல குற்றங்களோடு சேர்த்துத் தூக்கில் போடப்பட்டார்கள். விமானப்படைத் தலைவன் கோரிங் அதற்கு முந்தின இரவு விஷம் குடித்தான்.

ஹாம்பர்க் விசாரணை 1947 ஜூலை 1 அன்று தொடங்கியது. கூண்டில் 18 பேர். அவர்களில் பெரிய பதவி வகித்தவன் பிரெஸ்லாவ் கிரிப்போ தலைவன் மாக்ஸ் வீலன், ஜெனரல் ஒருவர்கூட இல்லை. மொத்தக் கூட்டுச்சதிக் குற்றம் வீலன் மேல் மட்டும் நிரூபணமானது. மற்றவர்கள் தங்கள் ஊரில் நடந்த கொலைக்கு மட்டும் பொறுப்பாக்கப்பட்டார்கள், 50 பேரைக் கொல்லும் திட்டம் தெரிந்தே அதில் சேர்ந்தார்கள் என்று காட்ட முடியவில்லை. 'உத்தரவு வந்தது, செய்தோம்' என்ற வாதம் எடுபடவில்லை. உத்தரவு என்பது சாக்கு ஆகாது என்று பிரிட்டிஷ் ராணுவச் சட்டக் கையேடு 1944 ஏப்ரலில்தான் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் ஜெர்மன் ராணுவத் தண்டனைச் சட்டத்தின் 47ஆவது பிரிவிலேயே, குற்றம் என்று தெரிந்தே உத்தரவை நிறைவேற்றியவனுக்கும் தண்டனை உண்டு என்று இருந்தது. அவர்கள் நாட்டுச் சட்டமே அவர்களுக்கு எதிராக நின்றது.

14 பேருக்குத் தூக்கு. ஒருவனுக்கு அது ஆயுளாகக் குறைந்தது, 13 பேர் 1948 பிப்ரவரி 27 அன்று ஹாமல்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஷுல்ட்ஸும் போஸ்டும் அந்த 13 பேரில் உண்டு. வீலனுக்கும் புஷெல் போன காரை ஓட்டிய பிரைத்ஹவுப்டுக்கும் ஆயுள். கீல் டிரைவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 10 ஆண்டு.

அந்த டிரைவர்களை அன்று அனுப்பிய கீல் தலைவன் ஃபிரிட்ஸ் ஷ்மிட் ஹாம்பர்க் கூண்டில் இல்லை. வேறு பெயரில் பல வருடம் ஜெர்மனியிலேயே வாழ்ந்துகொண்டிருந்தான். கண்டுபிடித்து, மேற்கு ஜெர்மனி கோர்ட்டில் 1968இல் தீர்ப்பானபோது அவனுக்குக் கிடைத்தது 2 ஆண்டு.